ஒன்பதடி இரண்டங்குலம்

பாம்புத் தோலை உரித்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி உடம்பைச் சுருட்டித் தலையைத் தூக்கி வைத்திருக்கும் சாரையைப் பார்த்ததும், "அடேயப்பா, யாரு செஞ்சது?" என்றுதான் கேட்பார்கள். செஞ்சவர் என்றால், கம்பியை வளைத்து, மரச்சீவலும் சணலும் சுற்றி உள்ளே ஒரு பொய் உடம்பு உண்டாக்கி, அதன்மேல் தோலைப் போர்த்தித் தைத்தவர். அந்தத் தோல் அங்கே எப்படி வந்தது, ஒரு செதில்கூட உதிராமல் எப்படி நின்றது என்பதெல்லாம் யாருக்கும் தோன்றாது. பவுனுவின் வயிற்றெரிச்சல் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கியது.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருந்த அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் அவள் பதினான்கு வருடமாக ஆய்வக உதவியாள். சேர்ந்தது கூட்டிப் பெருக்க. ஒருநாள் தவளையை அறுக்கத் தெரியாமல் மாணவர்கள் நாசம் பண்ணுவதைப் பார்த்துப் பொறுக்காமல் கத்தியை வாங்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கத்தி அவளிடமே தங்கிவிட்டது. ரோட்டில் அடிபட்ட பாம்பு, கிணற்றில் விழுந்து செத்த பாம்பு என்று வனத்துறை அனுமதியோடு வருவதையெல்லாம் அவள்தான் உரித்துப் பதப்படுத்தினாள். அப்போதெல்லாம் தோலைப் பலகையில் விரித்து ஆணியடித்து மாட்டுவதோடு சரி. பார்க்க வருகிறவர்கள் "பவுனக்கா தோலு" என்றுதான் சொல்வார்கள்.

2003-இல் கர்ணன் வந்தான். போடிக்காரன், முப்பது வயது, ஒப்பந்த வேலை. சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் ஒரு வருடம் இருந்து, செத்த உயிரை உயிரோடு இருப்பதுபோல நிறுத்தும் வேலையைப் பழகியிருந்தான். வந்த ஆறாவது மாதம், பவுனு பதப்படுத்தி வைத்திருந்த சாரைத் தோலை எடுத்து, அந்தத் தலை தூக்கிய சாரையைச் செய்தான். பெட்டிக்குக் கீழே அட்டை வைத்தார்கள்: உருவாக்கம், த. கர்ணன்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தாலாவது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "யக்கா, யக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். கடைக்குப் போனால் அவளுக்கும் சேர்த்து வடை வாங்கி வந்தான். வடையைத் தின்றுகொண்டே அவள் அவனை மனதுக்குள் திட்டினாள்.

2005 கார்த்திகையில் மலைப்பாம்பு வந்தது. தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டத்தில், பன்றிக்காகக் கட்டிய நைலான் வலையில் இரவோடு இரவாகச் சிக்கித் திணறிச் செத்திருந்தது. வனவர் ராக்கப்பன் அங்கேயே டேப்பை வைத்து அளந்து, ஒன்பதடி இரண்டங்குலம் என்று பதிவுத்தாளான மகஜரில் எழுதினார். மேலிடத்து அனுமதி வரும்வரை ஐஸ் கம்பெனிக் கிடங்கில் கிடந்தது. பிறகு கர்ணன் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தான்.

லாரி ஏறாத, கம்பு படாத பாம்பு கிடைப்பது அபூர்வம். துறைத்தலைவர் செல்லப்பாண்டி குனிந்து குனிந்து பார்த்தார். அவர் ஆராய்ச்சி செய்ததெல்லாம் மீன். பாம்பென்றால் ஓரடி தள்ளித்தான் நிற்பார்.

"கர்ணா, தை மாசம் மதுரையில கண்காட்சி. இதைக் கொண்டுபோறோம். நம்ம காலேஜு பேரு நிக்கணும்."

"நிறுத்திரலாம் சார்."

"சார், மதுரைக்கு நானும் வரணுமா?" என்று கேட்டாள் பவுனு.

"நீ எதுக்கும்மா? ஒன் வேலை தோலோட முடிஞ்சுரும்ல."

அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

வேலை என்று வந்துவிட்டால் அவள் கை வேறு, மனசு வேறு. பாம்பை மல்லாக்கப் போட்டாள். பாம்பின் வயிற்றில் குறுக்கே குறுக்கே அகலமான தகடுகள் வரிசையாக இருக்கும். முதுகிலும் விலாவிலும் சின்னச் செதில்கள். தெரியாதவர்கள் நடுவயிற்றில் கீறுவார்கள். ஒவ்வொரு தகடும் இரண்டாகி, காயும்போது இரு பக்கமும் சுருண்டுகொள்ளும், அப்புறம் எந்தத் தையலாலும் சேர்க்க முடியாது. பவுனு தகடும் சின்னச் செதிலும் சந்திக்கிற ஓரத்தில் கத்தியை விட்டாள். அங்கே ஒரு கோடு ஏற்கெனவே இருக்கிறது. தையல் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். கீறியபின் கத்திக்கு அதிகம் வேலையில்லை. கட்டைவிரலைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே நுழைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஈரத் துணியைப் பிரிக்கிற மாதிரி சத்தம் வரும். மலத்துவாரத்துக்கு அருகிலும் வாலிலும் மட்டும் இறுக்கமாகப் பிடிக்கும், அவசரப்பட்டால் கிழியும்.

தலைதான் பரீட்சை. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேலே கண்ணாடி போல ஒரு செதில் மூடியிருக்கும். அது தோலோடு சேர்ந்தே வரவேண்டும். வந்துவிட்டால் உள்ளிருந்து கண்ணாடிக் கண் வைத்துவிடலாம். நகம் பட்டுக் கீறிவிட்டால் பாம்பு குருடுதான். பவுனு மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் எடுத்தாள்.

"ஒங்க கையிக்கு மோதிரம்தான் போடணும்க்கா" என்றான் கர்ணன்.

"ஏன், நீ போட்டுக்க. ஒனக்குத்தான அட்டையில பேரு போடுறாக."

அவன் சிரித்தான். கேலி என்று நினைத்துக்கொண்டான் போலும். உரித்த உடம்பை நீட்டிப்போட்டு, அரையடிக்கு ஒருதரம் நூல் சுற்றிப் பருமனை அளந்து எழுதிக்கொண்டான். பொய் உடம்பை அந்தக் கணக்கில்தான் செய்ய வேண்டும். பிறகு எலும்புக்கூடும் வேண்டும் என்று செல்லப்பாண்டி சொன்னதால், பவுனு கொசுவலைத் துணியில் நீளமாக ஒரு பை தைத்து, எலும்புகள் வரிசை கலையாதபடி உடம்பை அதில் இறுக்கி நுழைத்து, பின்பக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டாள். சதை அழுகிக் கழன்றுவிடும், எலும்பு மிஞ்சும்.

பொய் உடம்பின் கூட்டுக்கு மரச்சீவல் வாங்கப் போடிக்குப் போன கர்ணன், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் தங்கிவிட்டான். அந்த நான்கு நாளில்தான் பவுனு அதைச் செய்தாள்.

தோலின் உள்பக்கத்துக் கொழுப்பைக் கரண்டி விளிம்பால் சுரண்டி எடுத்தாயிற்று. கொழுப்பு மிச்சமிருந்தால் தோல் உள்ளே அழுகும், மேலே செதில் உதிரும். படிகாரமும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தாயிற்று. கிளிசரினும் ஸ்பிரிட்டும் கலந்து தடவியாயிற்று. விறைத்துப் போகாமல் இருக்க அது. இனி பலகையில் விரித்துப் பித்தளை ஊசி குத்தி நிழலில் காயவைக்க வேண்டும். கூடு தயாரானதும் மறுபடி நனைத்துப் போர்த்துவது அவர்கள் வழக்கம்.

பாம்புத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே மெல்லிய தோல் மடிந்து கிடக்கிறது. தன்னைவிடப் பருத்த இரையை விழுங்கும்போது விரிவதற்காக அந்த மடிப்பு. உள்ளே உடம்பு இல்லையென்றால் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. சும்மா தூக்கினாலே நீளும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நீளத்தில் இழுக்கவே மாட்டார்கள். பவுனு எந்தத் தோலையும் அரையடிக்கு மேல் நீளவிட்டதில்லை.

அன்றைக்கு இழுத்தாள். தலையை ஊசி குத்தி நிறுத்தி, வால் பக்கம் உட்கார்ந்து, ஈரத்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்து ஊசி, இழுத்து ஊசி. பலகை போதவில்லை, இன்னொன்றைச் சேர்த்துப் போட்டாள். நீளத்தில் இழுத்த தோல் அகலத்தில் சுருங்கும். கர்ணன் செய்யும் கூட்டில் இது சுற்றி வராது, தையல் சேராது. நனைத்தாலும் முழுக்கப் பழைய அளவுக்குத் திரும்பாது. மதுரையில் அவன் பிளந்த வயிற்றோடு ஒரு பாம்பை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தாள். கை வலித்தது, மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெள்ளைத் துணியைப் போட்டு மூடி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பி வந்த கர்ணன் தோலைப் பார்க்கக் கேட்டான். "காயுற தோலைத் தொறக்கக் கூடாது தம்பி, தூசி ஒட்டும்" என்றாள். அவனும் அடுத்த அறையில் பாட்டுப் பாடிக்கொண்டே ஒன்பதடி இரண்டங்குலத்தில் கூடு செய்தான்.

தோலைக் காயவைத்த பதினெட்டாம் நாள் வனவர் ராக்கப்பன் வந்தார். மாவட்டம் விட்டு மாவட்டம் போகிற பொருள், அளந்து போட்டோ எடுத்துச் சீட்டுத் தரவேண்டுமாம். இப்படி ஒருவர் வருவார் என்பது பவுனுவின் கணக்கில் இல்லை. துணியை அவரே விலக்கினார். டேப்பை வைத்தார். மறுபடி வைத்தார்.

"என்னய்யா இது? பதினோரு அடி ஆறு இஞ்சு வருது."

"இருக்காது சார்" என்றான் கர்ணன்.

"நீயே பாரு. நான் அளந்தது ஒம்போது ரெண்டு. செத்த பாம்பு வளருமாய்யா?"

கர்ணன் அளந்தான். "தோலு... உரிச்சா கொஞ்சம் நீளும் சார்."

"எம்புட்டு?"

"அடி, ஒன்னேகால் அடி..."

"இது ரெண்டே கால் அடிக்கு மேல. யாருகிட்ட கதை விடுற? நான் குடுத்த பாம்பு எங்க? இது எந்தக் காட்டுப் பாம்பு? போன மாசந்தான் குமுளி ரோட்டுல தோலோட ஒருத்தனப் பிடிச்சோம். வாங்குறதுக்கு ஆளு இருக்கான்னு தெரிஞ்சுதான நீங்கெல்லாம் ஆடுறீக." செல்லப்பாண்டியிடம் திரும்பினார். "சார், கையெழுத்துப் போட்டு வாங்குனது இவரு. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரேஞ்சர் முன்னாடி சொல்லட்டும்."

செல்லப்பாண்டி மீசையைத் தடவினார். மீன் தோல் நீளாது. அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

பவுனு சுவரோரம் நின்றிருந்தாள். முதலில் அவளுக்குத் தித்தித்தது; அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பிளந்த பாம்பைத்தான் நினைத்திருந்தாள், அதைவிடப் பெரிதாக ஒன்று தானாக வந்து விழுந்திருந்தது. அவனுக்கு வேலை போகும். கேசும் வரலாம். கர்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

"யக்கா, நீங்க சொல்லுங்க. உரிச்ச உடம்பை நான் அளந்தப்ப நீங்களும் இருந்தீகள்ல."

அவள் தரையைப் பார்த்தாள். ராக்கப்பன் குனிந்து தோலைத் தடவிப் பார்த்தார். தலைப்பக்கம் வந்து கண்ணின் மேலிருந்த அந்தக் கண்ணாடிச் செதிலை விரலால் தொட்டார்.

"ஆனாலும் கெட்டிக்காரன்யா நீ" என்றார் கர்ணனிடம். "முப்பது வருசமாப் பாக்குறேன், இம்புட்டுச் சுத்தமா உரிச்சு நான் பாத்ததில்ல. ஒரு கீறல் இல்ல, கண்ணுகூட அப்படியே இருக்கு. இந்தக் கைய வச்சுக்கிட்டு ஏன்யா இந்தப் பொழப்பு?"

பவுனு சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"அவுக எங்க உரிச்சாக? நான் உரிச்சது!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தத் தம்பி கையெழுத்துத்தான் போட்டுச்சு. உரிச்சது நானு, கொழுப்பு எடுத்தது நானு, படிகாரம் போட்டது நானு. இது நீங்க குடுத்த பாம்புதான். வேற பாம்பு இல்ல."

"நீ சொன்னாப் போதுமா ஆத்தா?"

"காட்டுறேன், வாங்க."

பின்பக்கத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். மூடியை எடுத்ததும் ராக்கப்பன் இரண்டடி பின்வாங்கிக் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். பவுனு முழங்கை வரை கையை விட்டுக் கொசுவலைப் பையை இழுத்துச் சிமெண்டுத் தரையில் நீட்டினாள். சதை கூழாகியிருந்தது. முதுகெலும்பு மட்டும் இன்னும் தொடராக நின்றது.

"பாம்புக்கு ஒரு முள்ளெலும்புக்கு ஒரு வயித்துத் தகடு. கழுத்துல ஆரம்பிச்சு மலத்துவாரம் வரைக்கும் அப்படித்தான். தோலை எம்புட்டு இழுத்தாலும் நீளந்தான் கூடும், தகடு எண்ணிக்கை கூடாது. உள்ள போயி தகட்டை எண்ணுங்க. நான் எலும்பை எண்ணுறேன்."

"நெசமாவா சார்?" என்றார் ராக்கப்பன்.

"புத்தகத்துல இருக்கு" என்றார் செல்லப்பாண்டி, இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல.

ராக்கப்பன் உள்ளே போய்ப் பலகையோரம் குந்தி, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நூற்றுச் சொச்சத்தில் செல்லப்பாண்டி ஏதோ கேட்க, கணக்கு விட்டுப்போய், "சும்மா இருங்க சார்" என்று முதலிலிருந்து தொடங்கினார். வெளியே பவுனு விலா எலும்பு ஒட்டியிருந்தவற்றை மட்டும் எண்ணினாள். வாலில் விலா இருக்காது. கர்ணன் அவளுக்குப் பக்கத்தில் நின்று பத்துக்கு ஒரு தீக்குச்சி வைத்தான்.

தகடு இருநூற்று ஐம்பத்தேழு. எலும்பு இருநூற்று ஐம்பத்தெட்டு.

"ஒண்ணு இடிக்குதே."

"கழுத்துக்கிட்ட ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும்" என்றார் செல்லப்பாண்டி.

ராக்கப்பன் யோசித்தார். லேசுப்பட்ட ஆள் இல்லை. "சரி. ஆனா ரெண்டு மலைப்பாம்புக்கு ஒரே கணக்கு வராதா?"

"வரலாம்" என்றார் செல்லப்பாண்டி வேறு வழியில்லாமல்.

"அப்ப இன்னும் ஒண்ணு பாக்கியிருக்குல்ல. கொஞ்சந்தான் நீளும்னு இவரே சொன்னாரு. இது மட்டும் எப்படி இம்புட்டு நீண்டுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் அங்கே ஒருத்திதான். பவுனு குழாயில் கையைக் கழுவினாள். நாற்றம் போகவில்லை, மறுபடி சோப்புப் போட்டாள். இதற்கு மேல் தேய்க்கக் கையில் தோல் இல்லை என்றானதும் சொன்னாள்.

"நான் இழுத்தேன்."

"என்னது?"

"தானா நீளல. இழுத்து இழுத்து ஊசி குத்துனேன். அந்தத் தம்பியோட கூட்டுல சேரக் கூடாதுன்னு." ஒரு வாளி தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "நம்பலன்னா இருந்து பாத்துட்டுப் போங்க."

வால் பக்கத்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைத் தோல் முழுக்கப் பரப்பினாள். ஒன்றரை மணி நேரம். ராக்கப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தார். செல்லப்பாண்டி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். கர்ணன் சன்னல் பக்கம் திரும்பி நின்றான். துணியை எடுத்தபோது, வால் முனை ஊசித் துளையை விட்டு உள்பக்கமாக ஏறியிருந்தது. அளந்தார்கள். பத்தடி எட்டங்குலம்.

"ஊற ஊற இன்னும் சுருங்கும்" என்றாள் பவுனு.

ராக்கப்பன் தோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கண்ணு முன்னாடி சுருங்குது" என்று முணுமுணுத்துப் பேனாவை மூடினார். வாசல்வரை போய்த் திரும்பி, "ஏன் ஆத்தா, ஒரே எடத்துல வேலை பாக்குறவுக. இப்படியா?" என்றார்.

அவள் ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். செல்லப்பாண்டிதான் மெமோ கொடுத்தார், மூன்று பத்திகளில். இரண்டு வருடத்துக்கு ஊதிய உயர்வு கிடையாது என்று கடைசிப் பத்தியில் இருந்தது. மதுரைக்குப் போகும் பட்டியலில் அவள் பெயர் முன்பே இல்லை என்பதால் அதை அடிக்க வேண்டி வரவில்லை.

அன்று சாயங்காலம் கர்ணன் ஒரே ஒரு தடவை கேட்டான். "ஏன்க்கா?"

"பொறுக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"என்னன்னு சொல்ல? நீ நல்லாச் செய்யுறது எனக்குப் பொறுக்கலன்னா?"

அதோடு அவன் பேச்சை நிறுத்தினான். வடையும் நின்றது. தோல் மூன்று நாள் ஊறியும் பத்தடிக்குக் கீழே இறங்கவில்லை. அவன் செய்த கூட்டை உடைத்துப் போட்டுவிட்டுப் பத்தடிக்கு வேறொன்று தொடங்கினான். கதவு திறந்திருக்கும், பவுனு பீக்கர்களைக் கழுவிக்கொண்டே சணல் சுற்றும் சத்தத்தைக் கேட்பாள். பத்தடிப் பாம்பின் பருமனை ஒன்பதடிப் பாம்பின் கணக்கில் வைக்க முடியாது. மெலிய வைத்தால் தோல் தொளதொளக்கும், பருக்க வைத்தால் தையல் சேராது. எப்படிச் செய்யப் போகிறான் என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. போய்க் கேட்க மானம் விடவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவளே மதுரைக்குப் போனாள். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தாள்.

கர்ணன் அந்தப் பத்து அங்குலத்தை ஒளிக்கவில்லை, செலவழித்திருந்தான். ஒரு மரக்கிளை வைத்து, பாம்பை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, கழுத்தைக் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலே வளைத்திருந்தான். இறங்குகிற இடத்தில் மெலிவு இயல்பாக இருந்தது. சுற்றுகிற இடத்தில், கிளையை அழுத்துகிற பக்கம் தோல் மடிந்திருந்தது, நிஜப் பாம்புக்கு மடிவது போலவே. இழுத்துக் கெடுத்த தோலே இப்படி வளைப்பதற்காகத்தான் இழுத்தது போல ஆகிவிட்டது. பவுனு செதில் செதிலாகப் பார்த்தாள். குறை சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை. முன்பு இருந்ததைவிட அதிகமாக வயிறு எரிந்தது.

"யக்கா!"

கர்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு வேலை தவிர்த்து அவளோடு பேசிய முதல் வார்த்தை அது. கோபத்தை மறந்திருந்தான், அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்த சந்தோஷம் அவன் கண்ணில் அப்படியே தெரிந்தது.

"எப்ப வந்தீக? சொல்லுங்க, எப்படி இருக்கு?"

பவுனு பாம்பைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கழுத்துக்குக் கீழ ஒரு தையல் தெரியுது தம்பி."

"தையலா? எங்கன?"

அவன் பதறிப்போய்க் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்தான். பக்கத்தில் நின்றவர்களை விலக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்து பார்த்தான். முட்டி போட்டுக் கீழிருந்து பார்த்தான். அங்கே தையல் எதுவும் தெரியவில்லை. தெரிவதற்கு எதுவும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் அங்கிட்டு" என்றாள் பவுனு.